பழைய அலுவலகக் கணினிக்குப் பயோஸ் கோப்பைத் தயார் செய்தல்: மலையக அலுவலகங்களை முன்வைத்து

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஒரு தோட்ட அலுவலகத்தின் மேசைக்கடியிலோ, ஒரு பாடசாலை அதிபரின் அறையிலோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பிரிவிலோ இருக்கும் கணினியைக் குனிந்து பார்த்தால், அது 2011க்கும் 2014க்கும் இடையில் வெளிவந்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. கொம்பெக் எலைட், லெனோவோ திங்க்சென்டர் ஆகியவற்றுள் ஒன்றாக இருப்பது இன்றும் சாதாரணம். வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த பின் கொழும்புக்கு வந்து, துடைத்துத் துப்புரவாக்கப்பட்டு, கண்டியிலோ ஹட்டனிலோ உள்ள ஒரு கடை வழியாக மலையேறியவை அவற்றுள் பல. 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறிய பின்னர், புதிய கணினி என்பது சிறிய அலுவலகங்களின் வரவுசெலவுக்குள் அடங்காத பொருளாகிவிட்டது. செக்ரோல் எனப்படும் தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு, கொழுந்து நிறைப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிக்கான மாதாந்தப் படிவம், சில கடிதங்கள் என்ற அளவிலான வேலைக்கு அந்தப் பழைய கணினிகள் இன்னும் தாராளமாகப் போதும். அவற்றைக் கழித்துவிட வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. வைத்திருப்பதென்று முடிவு செய்தால், அவற்றின் அடித்தளத்தில் உள்ள நிலைபொருளை ஒரு முறையேனும் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

நிலைபொருள் என்று இங்கே சொல்வது, தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட எட்டுக் கால் கொண்ட சிறு சிப் ஒன்றில் எழுதப்பட்டிருக்கும், பேச்சு வழக்கில் எல்லோரும் பயோஸ் என்று அழைக்கும் நிரலையே. மின்சாரம் வந்தவுடன் முதலில் ஓடுவது அதுதான். நினைவகத்தை எழுப்பி, வன்தட்டைக் கண்டுபிடித்து, விண்டோஸையோ லினக்ஸையோ கைப்பிடித்து அழைத்துவருவதும் அதுதான். அதைப் புதுப்பிக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைப் பற்றிய அச்சமெல்லாம் அந்தச் சில நிமிடங்களைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. ஆனால் கெட்டுப்போன கணினிகளின் கதையைத் தோண்டிப் பார்த்தால், தவறு பெரும்பாலும் அதற்கு முந்திய கட்டத்தில், அதாவது எந்தக் கோப்பு, எந்த வடிவில், எந்த பென்டிரைவில் என்று தீர்மானித்த இடத்தில் நிகழ்ந்திருக்கும். கோப்பைத் தயார் செய்வதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. அதிலும் பழைய கணினிக்கு ஓர் அனுகூலம் உண்டு: தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட மாதிரிக்கு இறுதிப் பதிப்பு என ஒன்று இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் வரப்போவதில்லை. ஆகவே ஒருவர் ஒருமுறை நிதானமாகத் தயார் செய்து வைக்கும் கோப்பு, அதே மாதிரிக் கணினி உள்ள வட்டாரத்து அலுவலகங்கள் அனைத்துக்கும், அந்தக் கணினிகள் ஓடும் காலம் வரை பயன்படும்.

புதுப்பிக்க வேண்டிய காரணங்கள்

நன்றாக ஓடும் கணினியின் பயோஸைத் தொடக்கூடாது என்பது பழைய தொழில்நுட்பவியலாளர்களின் வாக்கு. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1999 ஏப்ரல் 26ஆம் திகதி செயற்பட்ட சி.ஐ.எச். என்ற வைரஸ், விண்டோஸ் 95, 98 கணினிகளின் வன்தட்டை அழித்ததோடு, முடிந்த இடங்களில் பயோஸ் சிப்பின் மீதும் குப்பையை எழுதிவிட்டது. காலையில் கணினியைப் போட்டவர்களுக்குக் கறுப்புத் திரை மட்டுமே கிடைத்தது. அக்காலப் பயோஸ் எதை யார் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் பயோஸ் பாதுகாப்புக்கான வழிகாட்டியை வெளியிட்டு, தயாரிப்பாளரின் மின்கையொப்பம் உள்ள கோப்பை மட்டுமே கணினி ஏற்க வேண்டும் என்று வலியுறுத்திய பின்னரே, அலுவலகக் கணினிகளில் அந்தக் காவல் படிப்படியாக வழக்கமானது. நாம் பேசும் கணினிகள் சரியாக அந்த எல்லைக்கோட்டின் இரு பக்கங்களிலும் நிற்பவை. இது பின்னர் கோப்பைச் சரிபார்க்கும்போது முக்கியமாகும்.

இன்று புதுப்பிப்பதற்கு வலுவான காரணம் 2018 ஜனவரியில் வெளிப்பட்ட ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்னும் செயலிக் (புரொசசர்) குறைபாடுகள். அவற்றுக்காக இன்டெல் வெளியிட்ட, மைக்ரோகோட் எனப்படும் செயலியின் உள்நிரலுக்கான திருத்தங்களைக் கணினி நிறுவனங்கள் தங்கள் பயோஸ் கோப்புகளில் சேர்த்தன. இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை கோர் செயலிகளுக்குத் திருத்தம் கிடைத்தது. கோர் 2 டுவோ காலத்து வுல்ஃப்டேல், யோர்க்ஃபீல்ட், பென்ரின் போன்றவற்றுக்குத் திருத்தம் வராது என்று இன்டெல் அதே ஆண்டு ஏப்ரலில் அறிவித்துவிட்டது. ஆகவே 2012இன் ஒப்டிபிளெக்ஸ் 7010 ஒன்றைப் புதுப்பிப்பதில் தெளிவான பயன் இருக்கிறது. அதற்கு மூன்று தலைமுறை முந்திய ஒரு கோர் 2 டுவோ கணினியில் இந்தக் காரணத்துக்காகக் கைவைப்பதில் பயன் இல்லை. லினக்ஸும் விண்டோஸும் தொடங்கும்போதே மைக்ரோகோடைத் தாமாக ஏற்றிக்கொள்ளக்கூடியவை என்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். இவற்றோடு 2017 மே மாதம் வெளியான இன்டெல்லின் அக்டிவ் மனேஜ்மென்ட் டெக்னோலஜி என்ற தொலைநிலை நிர்வாக வசதியின் ஓட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனமொன்றின் வலையமைப்பில் தொலைவிலிருந்து நிர்வகிக்கப்பட்ட கணினி, அந்த வசதி திறந்த நிலையிலேயே தோட்ட அலுவலகம் வரை வந்து சேர்ந்திருக்கக்கூடும்.

கணினி தொடங்கும்போது ஓடும் நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்புக்கு மைக்ரோசொஃப்ட் 2011இல் வழங்கிய சான்றிதழ்கள் 2026 ஜூனிலும் ஒக்டோபரிலுமாகக் காலாவதியாகின்றன. இதைக் கேட்டுப் பலர் தங்கள் கணினி அன்றோடு நின்றுவிடும் என்று அஞ்சுகிறார்கள். அப்படி நிற்காது, தொடக்க நிலைக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே கிடைக்காமற்போகும். லெகசி என்னும் பழைய தொடக்க முறையில் ஓடும் கணினிக்கு இது பொருந்தவே பொருந்தாது. அதேபோல, பயோஸைப் புதுப்பித்தால் விண்டோஸ் 11 போட முடியும் என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். இன்டெல் கணினியென்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். எந்தப் பயோஸ் கோப்பும் மூன்றாம் தலைமுறைச் செயலியை எட்டாம் தலைமுறை ஆக்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்த நிலையில், இந்தக் கணினிகளின் அடுத்த வீடு லினக்ஸாக இருக்கலாம். அந்த மாற்றத்துக்கு முன்னர் பயோஸை இறுதிப் பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுவது வசதியானது, ஏனென்றால் பழைய புதுப்பிப்புக் கோப்புகளில் கணிசமானவை விண்டோஸிலிருந்து இயக்குவதற்கென்றே தயாரிக்கப்பட்டவை.

எந்தக் கணினி என்று அறிதல்

கோப்பைத் தேடுமுன் கணினி எது என்று ஐயமறத் தெரிய வேண்டும். முகப்பில் ஒட்டியிருக்கும் பெயர் இதற்குப் போதாது. ஒப்டிபிளெக்ஸ் 7010 நல்ல எடுத்துக்காட்டு. டெல் நிறுவனம் 2012இல் மூன்றாம் தலைமுறைச் செயலியோடு அந்தப் பெயரில் ஒரு கணினியை வெளியிட்டது. 2023இல் பதின்மூன்றாம் தலைமுறைச் செயலியோடு முற்றிலும் வேறான ஒரு கணினிக்கும் அதே எண்ணைச் சூட்டியது. 2014இன் 7020உம் 2024இன் 7020உம் அவ்வாறே. தேடுபொறியில் மாதிரிப் பெயரைத் தட்டினால் புதியதன் பக்கமே முதலில் வர வாய்ப்பு அதிகம். பழையவற்றின் பதிப்பு ஏ என்ற எழுத்தோடு தொடங்கி 2012இன் 7010க்கு ஏ29 என முடிகிறது; புதியவற்றில் புள்ளியிட்ட எண்களே வரும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

ஐயத்தை முழுமையாக நீக்குவது டெல் கணினியில் ஏழு எழுத்தெண்கள் கொண்ட சேர்விஸ் டேக். லெனோவோவில் அது நான்கு எழுத்தெண்கள் கொண்ட இயந்திர வகை. எச்.பி.யில் பொருள் எண்ணோடு, எஃப்10 அழுத்தி உள்ளே சென்றால் தெரியும் பயோஸ் குடும்பப் பெயரும் உதவும்: கொம்பெக் எலைட் 8300க்கு அது கே01, எலைட்டெஸ்க் 800 ஜி1க்கு எல்01. குடும்பப் பெயர் பொருந்தாத கோப்பு அந்தக் கணினிக்குரியதன்று. ஸ்டிக்கரை மட்டும் நம்பவும் கூடாது. மீள்புதுப்பித்து விற்கப்படும் கணினிகளில் பெட்டி ஒன்றாகவும் தாய்ப்பலகை இன்னொன்றாகவும் இருப்பதுண்டு; ஈரக்காற்றில் ஸ்டிக்கரின் எழுத்து மங்கிப்போவதும் உண்டு. எனவே விண்டோஸின் கணினித் தகவல் சாளரத்தைத் திறந்து, அங்கே தெரியும் மாதிரி, தாய்ப்பலகை எண், பயோஸ் பதிப்பு, அதன் திகதி, பயோஸ் முறை லெகசியா, யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையா என்பன அனைத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை இதையே தரும். ஸ்டிக்கரும் சாளரமும் முரண்பட்டால் சாளரத்தின் பக்கமே நிற்க வேண்டும், ஏனென்றால் அது சிப்பிலிருந்தே படிக்கிறது.

கடையில் பொருத்தித் தந்த, நிறுவனப் பெயரில்லாத கணினிகள் வேறு ரகம். எச்61 சிப்செட் தாய்ப்பலகைகள் இலங்கையில் ஏராளமாக விற்பனையானவை. அவற்றில் தாய்ப்பலகையின் மீதே அச்சிட்ட மாதிரி எண்ணும், அதன் அருகிலுள்ள திருத்த எண்ணும் பார்க்கப்பட வேண்டும். ஒரே மாதிரியின் இரு திருத்தங்களுக்கு வெவ்வேறு கோப்புகள் இருக்கக்கூடும். அந்தப் பலகைகள் பலவற்றில் மூன்றாம் தலைமுறைச் செயலியைப் பொருத்த முதலில் பயோஸைப் புதுப்பித்தாக வேண்டும், புதுப்பிப்பதற்கோ பழைய இரண்டாம் தலைமுறைச் செயலி உள்ளே இருந்தாக வேண்டும். செயலியை மாற்ற நினைப்பவர்கள் பழையதைக் கழற்றி விற்றுவிடுமுன் இதை யோசிப்பது நல்லது.

இறுதிப் பதிப்பும் அதற்கான பாதையும்

மாதிரி தெரிந்த பின், தயாரிப்பாளரின் பக்கத்தில் உள்ள கடைசிப் பதிப்பை எடுப்பது எளிது போலத் தோன்றும். அதோடு வரும் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் விடுபவர்களே அதிகம். சில கணினிகள் மிகப் பழைய பதிப்பிலிருந்து நேராக இறுதிப் பதிப்புக்குத் தாவுவதை ஏற்காது. இடையில் ஒரு குறிப்பிட்ட பதிப்பில் நின்று செல்ல வேண்டும் என்று அந்தக் குறிப்பில் எழுதியிருக்கும். சில பதிப்புகளுக்குப் பின்னர் பழையதற்குத் திரும்பிச் செல்ல முடியாது என்ற எச்சரிக்கையும் அங்கேதான் இருக்கும். 2018 ஜனவரியில் முதன்முதலில் வெளியான மைக்ரோகோட் திருத்தம் சில கணினிகளைக் காரணமின்றி மறுதொடக்கம் செய்ய வைத்ததால், அதைப் பரப்புவதை நிறுத்துமாறு இன்டெல்லே அம்மாதம் 22ஆம் திகதி கேட்டுக்கொண்டது. அந்த இடைப்பட்ட காலத்துக் கோப்பு யாராவது ஒருவரின் பென்டிரைவில் இன்றும் இருக்கலாம். அதனால் கைவசம் உள்ள கோப்பின் வெளியீட்டுத் திகதியைப் பார்க்காமல் பயன்படுத்தக்கூடாது.

இந்தக் கோப்புகள் அளவில் மிகச் சிறியவை. பள்ளத்தாக்குத் தோட்டமொன்றில் மொபைல் ரவுட்டர் வழியாக வரும் மெதுவான இணையத்திலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். சிக்கல், அவை எப்போதும் அங்கே இருக்கும் என்று எண்ணுவதில் இருக்கிறது. இன்டெல் தன் சொந்தப் பெயரில் விற்ற பழைய தாய்ப்பலகைகளின் பயோஸ் கோப்புகளையும் டிரைவர்களையும் 2019 நவம்பரில் தன் தளத்திலிருந்து அகற்றிவிட்டது. தயாரிப்பாளரின் பக்கம் மறைந்த பின் எஞ்சுவது யாரென்று தெரியாதவர்கள் நடத்தும் தளங்களே. அங்கிருந்து எடுக்கும் கோப்பில் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை நம்மால் அறிய முடியாது. அதனால்தான் இறுதிப் பதிப்பை இப்போதே, தயாரிப்பாளரின் பக்கம் உயிரோடு இருக்கும்போதே எடுத்து, வட்டாரத்துக்குப் பொதுவான சேமிப்பாக வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஒரு வலயக் கல்விப் பணிமனையோ, பல தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பனியின் தலைமை அலுவலகமோ இதை எளிதில் செய்யலாம். மாதிரிக்கு ஒரு கோப்புறை போதும். அதற்குள் கோப்பும், இடைப்பட்ட பதிப்பு தேவையென்றால் அதுவும், வெளியீட்டுக் குறிப்பும், தயாரிப்பாளர் பக்கத்தின் ஒரு பிரதியும், சரிபார்ப்பு எண்ணும் இருக்க வேண்டும்.

சரிபார்ப்பு எண் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எழுத்தெண் வரிசை. உள்ளே ஒரு பிட் மாறினாலும் வரிசை முழுவதும் மாறிவிடும். தயாரிப்பாளர் பக்கத்தில் எஸ்.எச்.ஏ.256 என்ற பெயரில் அது தரப்பட்டிருந்தால், விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையாலோ லினக்ஸில் எஸ்.எச்.ஏ.256சம் என்ற கட்டளையாலோ நாம் கணக்கிட்டு ஒப்பிடலாம். கோப்பின் பண்புகளைத் திறந்தால் மின்கையொப்பம் என்ற பகுதியில் தயாரிப்பாளரின் பெயர் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கையொப்பம் சரிபார்க்கும் புதிய பயோஸ், சிதைந்த கோப்பைத் தானே மறுத்துவிடும். எல்லைக்கோட்டுக்கு முந்திய கணினி மறுக்காது, கொடுத்ததை எழுதிவிடும். அந்தக் கணினிகளுக்கு இந்த ஒப்பீடுதான் ஒரே காவல். வட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய கோப்பென்றாலும், நண்பரின் வன்தட்டிலிருந்து எடுத்ததென்றாலும், இந்த எண் பொருந்தாமல் பயன்படுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கோப்பின் வடிவமும் பென்டிரைவும்

டெல் பழைய கணினிகளுக்குத் தந்த கோப்பு பெரும்பாலும் ஒரே நிறைவேற்றுக் கோப்பு. விண்டோஸிலும் ஓடும், விண்டோஸுக்கு முந்திய கட்டளைவரி இயங்குதளமான டோஸிலும் ஓடும். 2012க்குப் பின் வந்த பெரும்பாலான டெல் கணினிகளில் எஃப்12 பட்டியலிலேயே பயோஸைப் புதுப்பிக்கும் வாசல் இருக்கிறது. அங்கே பென்டிரைவில் உள்ள கோப்பை அப்படியே காட்டினால் போதும், விண்டோஸ் ஓடவே வேண்டியதில்லை. வைரஸ் புகுந்த, அரைகுறையாக ஓடும் விண்டோஸிலிருந்து புதுப்பிப்பதை விட இதுவே எனக்கு நம்பகமான வழியாகத் தெரிகிறது. 64 பிட் விண்டோஸ் பீ.ஈ. என்ற சிறு மீட்புச் சூழல் வட்டிலிருந்து செய்ய முயல்பவர்களுக்குக் கோப்பு ஓடாமல் நிற்கும், ஏனென்றால் அந்தச் சூழலில் 32 பிட் நிரல்கள் இயங்குவதில்லை. அதற்கென்று டெல் தனியே தரும் ஃப்ளாஷ்64டபிள்யூ என்ற துணைநிரல் வேண்டும்.

எச்.பி. தருவது சொஃப்ட்பெக் என்ற பொதி. அதை இன்னொரு கணினியில் விரித்தால், சி டிரைவில் எஸ்.டபிள்யூ.செட்அப் என்ற கோப்புறைக்குள் பல துணைநிரல்களும், அவற்றிடையே உண்மையான பயோஸ் பிம்பமும், அதாவது சிப்பில் எழுதப்பட வேண்டிய கோப்பும், கிடைக்கும். எலைட் 8300 காலத்துக் கணினிகளில் அந்தப் பிம்பத்தை மட்டும் பென்டிரைவின் மேல்மட்டத்தில் வைத்து, எஃப்10 அமைப்புத் திரையின் ஃபைல் பட்டியலில் உள்ள ஃப்ளாஷ் சிஸ்டம் ரொம் என்பதைத் தெரிவு செய்தால் போதும். லெனோவோ ஒரே பதிப்பை விண்டோஸுக்கான கோப்பாகவும், குறுவட்டுப் பிம்பமாகவும் தருவதுண்டு. குறுவட்டுப் பிம்பத்தை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. இந்த ஒரு காரணத்தால் கோப்பே கெட்டது என்று எண்ணிக் கைவிட்டவர்கள் உண்டு.

பென்டிரைவ் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மலையகத்தில் ஒரே பென்டிரைவ்தான் கொமியூனிகேஷன் கடையின் அச்சுப்பொறிக்கும், பாடசாலைக்கும், தோட்ட அலுவலகத்துக்கும் போய்வருகிறது. இந்த வேலைக்கென்று ஒன்றை ஒதுக்கி, வேறெதற்கும் கொடுக்காமல் வைப்பதே சரி. 4 அல்லது 8 ஜிகாபைட் போதும். கொள்ளளவு பெரிதானால் பழைய பயோஸ் அதைப் படிக்கத் திணறலாம். எஃப்.ஏ.டி.32 வடிவில், எம்.பி.ஆர். பகுப்புமுறையில், ஒரே பகுப்பாக அமைக்க வேண்டும். எக்ஸ்ஃபெட்டிலோ என்.டி.எஃப்.எஸ்.ஸிலோ இருந்தால் பயோஸ் திரையில் கோப்பே தெரியாமல் போகலாம். டோஸ் வழியாகச் செய்ய வேண்டியிருந்தால், ரூஃபஸ் என்ற இலவச நிரலால் ஃப்ரீடோஸை அந்த பென்டிரைவில் எழுதலாம். டோஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள்ளும் அதன் நீட்டிப்பு மூன்று எழுத்துக்குள்ளும் அடங்கியிருந்தால்தான் பிழையின்றித் தட்டச்சு செய்ய முடியும். இணையத்திலிருந்து இரண்டாம் முறை இறக்கியதால் பெயரின் பின்னே அடைப்புக்குறியில் எண் ஒட்டிக்கொண்ட கோப்பை முன்கூட்டியே மாற்றிவைக்க வேண்டும். ஃப்ரீடோஸ் தொடங்க லெகசி முறை தேவை. கணினி யு.இ.எஃப்.ஐ. முறையில் இருந்தால் தற்காலிகமாக மாற்றி, வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பிவைக்க வேண்டும், இல்லையெனில் விண்டோஸ் தொடங்காது. பென்டிரைவுக்கு நகலெடுத்த பின்னர், அதிலுள்ள கோப்பின் சரிபார்ப்பு எண்ணை மீண்டும் ஒருமுறை கணக்கிட வேண்டும். போலிக் கொள்ளளவு அச்சிட்ட பென்டிரைவ்கள் நகலெடுத்ததாகக் காட்டிவிட்டு உள்ளே வேறெதையோ வைத்திருக்கும். பின்புறத்தில் உள்ள யு.எஸ்.பி. 2.0 துளையில் செருகுவது முன்புறத் துளையைவிட நம்பகமானது.

மின்சாரமும் பருவமும்

சிப்பில் எழுதுவதென்றால் முதலில் அதன் பகுதிகளை அழித்து, பிறகு புதியதை எழுத வேண்டும். அழித்தபின் எழுதுமுன் மின்சாரம் போனால் கணினி தொடங்குவதற்கு எதுவும் இருக்காது. இந்த ஆபத்து எந்த ஊருக்கும் பொது என்றாலும், மலையகத்தில் அதற்குத் தனி நாட்காட்டி இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை வாட்டும். மரக்கிளை கம்பியில் விழுந்து மின்சாரம் போவது அந்தப் பக்கத்துக்கு அப்போது பழக்கமான ஒன்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று பதுளை, பசறை, பண்டாரவளைச் சரிவுகளுக்கு உரியது. இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் எங்கும் உண்டு. ஆகவே ஹட்டனில் ஒருவர் பெப்ரவரி மாதக் காலையைத் தெரிவு செய்வதும், பதுளையில் ஒருவர் ஜூலை மாதக் காலையைத் தெரிவு செய்வதும் பொருத்தமாக இருக்கும். இதில் அலுவலக நாட்காட்டியும் சேரும். சம்பளம் போடும் நாட்களை ஒட்டி, செக்ரோல் கணக்கு அந்தக் கணினியில் இருக்கும்போது இந்த வேலையைத் தொடக்கூடாது.

வானிலை மட்டும் உத்தரவாதமாகாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில், பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. எனவே யு.பி.எஸ். தவிர்க்க முடியாதது. அது இருக்கிறது என்பதால் திருப்தியடைந்துவிடவும் கூடாது. உள்ளே இருக்கும் ஈய அமில பற்றரி சில ஆண்டுகளில் சத்திழந்துவிடும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மின்சாரம் போன கணத்தில் எல்லாம் அணையும். வேலைக்கு முதல் நாள், கணினியையும் திரையையும் அதில் இணைத்து, முக்கியமில்லாத ஏதோவொன்றை ஓடவிட்டு, சுவரிலிருந்து செருகியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் தாங்காத யு.பி.எஸ்.ஸோடு பயோஸைத் தொடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்சுப்பொறியை, குறிப்பாக லேசர் அச்சுப்பொறியை, அதிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

கோப்பு சிப்புக்குப் போகுமுன் நினைவகத்தில் தங்கிச் செல்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகும் அலுவலகங்களில் ராம் தகட்டின் தொடுமுனைகள் மங்குவதும், அழிப்பானால் துடைத்துப் போட்டதும் கணினி உயிர்பெறுவதும் இங்குள்ள எல்லாத் தொழில்நுட்பவியலாளருக்கும் தெரிந்ததே. அப்படி அவ்வப்போது தடுமாறும் கணினியை முதலில் துடைத்து, மெம்டெஸ்ட் நிரலால் ஓர் இரவு சோதித்த பின்னரே புதுப்பிக்க வேண்டும்.

கையை வைக்குமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை

புதுப்பித்த பின் சில கணினிகளில் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். இதில் அதிகம் அலைக்கழிப்பது, வன்தட்டோடு கணினி பேசும் விதத்தைத் தீர்மானிக்கும் சாட்டா முறை. டெல் அலுவலகக் கணினிகளின் இயல்புநிலை பெரும்பாலும் ரெய்ட் இயக்கப்பட்ட நிலை. விண்டோஸ் ஏ.எச்.சி.ஐ. முறையில் நிறுவப்பட்டிருந்தால், மாறியவுடன் நீலத்திரை வந்து, வன்தட்டு போய்விட்டது என்ற பீதி எழும். வன்தட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அமைப்பைத் திருப்பினால் சரியாகிவிடும். அதனால் தொடங்குமுன் ஒவ்வோர் அமைப்புத் திரையையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். சி.ஆர்.2032 என்ற மூன்று வோல்ட் பொத்தான் பற்றரி தேய்ந்திருந்தாலும் இதே தொல்லை ஒவ்வொரு மின்வெட்டின் பின்னும் வரும். நாளும் நேரமும் பின்னோக்கிப் போகும் கணினியில் முதலில் அதை மாற்றிவிட்டே மற்றதைச் செய்வது முறை.

வன்தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் என்ற விண்டோஸ் வசதி இயங்கும் கணினியில் அதை இடைநிறுத்தாமல் பயோஸைப் புதுப்பித்தால், அடுத்த தடவை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். கழிக்கப்பட்ட கணினியில் முந்திய உரிமையாளரின் பயோஸ் கடவுச்சொல் அப்படியே இருக்கவும் கூடும். அது தெரியாமல் புதுப்பிப்பு முன்னேறாது. வாங்கும் நாளிலேயே எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி உள்ளே போக முடிகிறதா என்று கடைக்காரர் முன்னிலையில் பார்த்துக்கொள்வதே இதற்கு வழி.

அத்தனையும் செய்தும் கணினி எழாமற்போனால், பல மாதிரிகளில் தயாரிப்பாளரே ஒரு மீட்பு வழியை வைத்திருக்கிறார். லெனோவோ திங்க்சென்டர் பலவற்றில் தாய்ப்பலகையில் உள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பியை இடம் மாற்றி, புதுப்பிப்பு வட்டோடு தொடக்கினால் சிப்பின் அழியாத பகுதி எஞ்சியதை மீண்டும் எழுதிவிடும். இந்த வழிமுறை அந்த மாதிரியின் பராமரிப்புக் கையேட்டில் இருக்கும். அதையும் முன்கூட்டியே இறக்கிக் கோப்புறையில் சேர்த்துவிட வேண்டும், ஏனென்றால் கணினி விழுந்த பின் அதைத் தேட அந்த அலுவலகத்தில் வேறு கணினி இல்லாமலும் இருக்கலாம்.

அதுவும் பயனளிக்காவிட்டால் எஞ்சுவது, சிப்பின் மீது நேராகக் கவ்வியைப் பொருத்தி எழுதும் கருவி. சி.எச்.341ஏ என்ற மலிவான கருவி பரவலாகக் கிடைக்கிறது. பொதுவான கறுப்பு நிற வகை, தரவுக் கம்பிகளில் 5 வோல்ட்டை விடக்கூடியது. நம் கணினிகளின் சிப்புகளோ 3.3 வோல்ட்டுக்கு உரியவை. ஆகவே மின்னழுத்தம் திருத்தப்பட்ட வகையைத் தேடி வாங்க வேண்டும். சிப்பின் மேல் 25க்யூ64 என்று இருந்தால் அது 64 மெகாபிட், அதாவது 8 மெகாபைட். எழுதும் பிம்பமும் அதே அளவில் இருந்தாக வேண்டும். தயாரிப்பாளர் தரும் கோப்பு பெரும்பாலும் முழுச் சிப்பின் பிம்பமாக இருப்பதில்லை. சிப்பில் பயோஸ் பகுதியோடு, இன்டெல்லின் நிர்வாக இயந்திரத்துக்கான பகுதியும், வலையமைப்பு அட்டையின் முகவரி இருக்கும் பகுதியும், தொடக்கத்தில் இவற்றின் எல்லைகளைச் சொல்லும் பகுதியும் இருக்கின்றன. சேர்விஸ் டேக்கும், விண்டோஸ் 8இலிருந்து வரும் உரிமச் சாவியும் அதே சிப்பில்தான். நன்றாக ஓடும் பக்கத்துக் கணினியின் சிப்பை நகலெடுத்து இதில் எழுதினால் கணினி எழுந்துவிடும். ஆனால் இரண்டு கணினிகளும் ஒரே வலையமைப்பு முகவரியோடு ஒன்றையொன்று இடறும், இதற்குரிய உரிமச் சாவியும் போய்விடும்.

ஆகவே கருவி கையில் உள்ளவர்கள், கெட்ட சிப்பாக இருந்தாலும் எழுதுமுன் அதை இருமுறை படித்து, இரண்டு பிரதிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுச் சேமித்துக்கொள்ள வேண்டும். முகவரியும் சாவியும் இருக்கும் பகுதிகளை அதிலிருந்து மீட்டு, தயாரிப்பாளரின் பயோஸ் பகுதியோடு பொருத்த முடியும். வட்டாரப் பொதுச் சேமிப்பில் மாதிரிக்கு ஒரு கோப்புறை என்று சொன்னேன். இந்தப் பிரதி மட்டும் அதில் சேரக்கூடாது. அது ஒரே ஒரு கணினிக்கு உரியது. சேர்விஸ் டேக்கைப் பெயராக வைத்து, பிறர் கைக்குப் போகாதவாறு அந்த அலுவலகத்திலேயே வைத்திருக்க வேண்டும்.